இங்கேயே பிறந்தது

காலிக் கொட்டகையின் வாசலில் தோர்கில் பூட்ஸ் மாற்றிக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு பன்றிகூட இல்லை. ஆனாலும் வெளிக் கிருமி உள்ளே போகாதபடி, வெளிப் பூட்ஸைப் பெஞ்சுக்கு இந்தப்பக்கம் கழற்றி, காலைத் தூக்கி அந்தப்பக்கம் போட்டு, உள் பூட்ஸ் மாட்டினான். டென்மார்க்கின் யூட்லாந்தில் பன்றி வளர்ப்பவனுக்கு அதுதான் கோயில் படி.

கால்நடை மருத்துவர் மெரேதே பெஞ்சின் வெளிப்பக்கம் உட்கார்ந்தாள்.

"ஆய்வகத்துல முடிவு சொல்லிட்டாங்க. கோஸ்டெல் கொண்டுவந்த நோய் இல்ல."

வசந்தத்தில் சினைப்பன்றிகளுக்கு ஒவ்வொன்றாகக் கரு கலைந்தது. வேலையாள் கோஸ்டெல் அப்போதுதான் ருமேனியாவிலிருந்து திரும்பியிருந்தான். பையில் வீட்டில் செய்த பன்றித் தொத்திறைச்சி. தோர்கிலுக்குச் சந்தேகப்பட அது போதுமாக இருந்தது. "பூட்ஸ் மாத்தாமத் தாண்டினவன் நீதானே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டு, அன்றே அனுப்பிவிட்டான்.

"அப்ப பக்கத்துப் பண்ணையா?"

"இல்ல. இங்கயே பொறந்தது. வைரஸோட மரபணுவ எழுத்தெழுத்தாப் படிச்சிருக்காங்க. ஒரு பாதி உன் பழைய தடுப்பூசியோடது, மறுபாதி புதுசோடது. ரெண்டுலயும் இருந்தது உயிருள்ள வைரஸ். ஒரே பன்றிக்குள்ள சந்திச்சு ஒண்ணாயிடுச்சு. ரெண்டு ஊசிக்கும் நடுவுல இடைவெளி விடச் சொன்னேனே?"

"பயமா இருந்துச்சு. புதுசு நல்லாக் காக்கும்னாங்க."

"பயந்தவன்தான் ரெண்டு பூட்டு போடுவான்" என்றாள். ஆறுதலாகச் சொல்லவில்லை.

அவன் அங்கிருந்தே கோஸ்டெலை அழைத்தான். மறுமுனையில் இயந்திர இரைச்சல்.

"ஓ, முதலாளியா! இப்ப ஜெர்மனியில கறி வெட்டுறேன். இங்க பூட்ஸ் பஞ்சாயத்தே கிடையாது. எல்லாம் செத்துத்தான் வருது."

"நீ கொண்டுவரல. இப்ப தெரிஞ்சுபோச்சு. தப்பு என்னோடது."

"எனக்கு அன்னிக்கே தெரியும். உங்களுக்குத்தான் ஆய்வகம் தேவைப்பட்டுச்சு."

"திரும்பி வந்துடு, கோஸ்டெல்."

"எதுக்கு? பன்றி இருக்கா?"

"இல்ல. எல்லாத்தையும் வெட்ட அனுப்பியாச்சு."

"அந்த ஒத்தக்காதுப் பன்றியுமா?"

"அவளும்தான்."

"அவளுக்குக் கலையவே இல்லையே, முதலாளி. நல்லாத்தானே இருந்தா."

"ஒண்ணையும் விடக் கூடாதுன்னு முடிவு."

"யார் முடிவு?"

தோர்கில் பதில் சொல்வதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. மறுபடி அழைத்தான். யாரும் எடுக்கவில்லை.

எழுந்தான். காலைத் தூக்கிப் பெஞ்சைத் தாண்டி, உள் பூட்ஸோடு அப்படியே முற்றத்துச் சேற்றில் இறங்கி நடந்தான். மெரேதே பெஞ்சடியில் கிடந்த அவனுடைய வெளிப் பூட்ஸைப் பார்த்தாள்.