வெர்லாவின் வலது கால்

வெர்லா ஹால்வர்சன் பத்தொன்பது வருடங்களாக வடக்கு டகோட்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி வந்தாள். நவம்பர் கடைசியில் பனிக்கட்டியில் வழுக்கி, நெற்றி தரையில் மோத விழுந்தாள். மருத்துவமனையில் படமெடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துக் கணவன் ஆர்லோவுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"போதும்," என்றான் அவன்.

கோப்பை நிரம்பி மேசையில் வழிந்தது.

"போதும்னு சொல்றேன்ல! என்ன, மேசைக்கும் காபி வேணுமாமா?"

அவன் சொன்னது அவள் காதில் விழாமலில்லை. நிறுத்தத்தான் நினைத்தாள். கை சாய்ந்தே இருந்தது. அவனோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே மேசையைத் துடைத்தாள்.

அந்த ஞாயிறு தேவாலய விருந்தில், கணவனைப் பறிகொடுத்திருந்த மார்விஸிடம், "இனிமே குறட்டைச் சத்தம் இல்லாம நிம்மதியா தூங்கலாம்," என்று சொல்லிவிட்டாள். சொல்லக்கூடாது என்று பாதியிலேயே தெரிந்தது. மீதிப் பாதியும் வந்துவிட்டது. மார்விஸின் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் காலை மூடுபனி. வண்டியில் இருபத்து மூன்று பிள்ளைகள். கேட் இல்லாத ரயில் கடவையில் வழக்கம்போல் நிறுத்தி, கதவைத் திறந்து காது கொடுத்தாள். சத்தமில்லை. கதவை மூடி ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

"ட்ரெயின்! வெர்லா, ட்ரெயின் வருது!" முன் இருக்கையிலிருந்த சிறுமி கீலி அலறினாள்.

பனிக்குள் ஒரு வெளிச்சம் பெரிதாகிக்கொண்டு வந்தது. நிறுத்து, நிறுத்து என்று அவள் தலைக்குள் ஒரே கூச்சல். கால் எழவில்லை. மிதித்த மிதியிலேயே இருந்தது. தண்டவாளம் இருபதடி, பிறகு பத்தடி. சட்டென்று கை பாய்ந்து, வண்டியை நிறுத்திவைக்கும் பிரேக்கின் மஞ்சள் குமிழை இழுத்தது. சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வழுக்கி நின்றன. முன்கண்ணாடி அதிர, பேருந்தின் மூக்கை உரசுவதுபோல் ரயில் போனது.

பின்னால் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது.

வெர்லா இன்ஜினை அணைத்து, ரேடியோவில் அலுவலகத்திலிருந்த மேலாளரைக் கூப்பிட்டாள். "டுவைட், வேற ஆளை அனுப்பு. நான் இந்த வண்டிய ஒரு அடிகூட நகர்த்த மாட்டேன்."

"வண்டிக்கு என்னாச்சு?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்."

நரம்பு மருத்துவர் அவளைத் திரைமுன் உட்காரவைத்தார். அம்பு தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். உடனே 'பீப்' கேட்டால் அழுத்தக்கூடாது. 'பீப்' கேட்டும் பெரும்பாலும் அழுத்திவிட்டாள்.

"சத்தம் கேக்கலையா?"

"எல்லாம் கேட்டுச்சு டாக்டர். அதான் பயமாருக்கு."

"ஆரம்பிக்கிறது வேற, ஆரம்பிச்சத நிறுத்துறது வேற. உங்களுக்கு மூளையில நிறுத்துற இடத்துலதான் அடி, அது முதல்ல எடுத்த படத்துல தெரியல. கால் பாதியில நிக்கணும், முடியல. கை புதுசா ஒரு வேலை செஞ்சுது, அது முடிஞ்சுது."

மே மாதம் அதே சோதனையில் நன்றாகவே தேறினாள். டுவைட் காலி வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து, நினைத்தபோதெல்லாம் "நிறுத்து!" என்று கத்தினான். ஒவ்வொரு முறையும் நிறுத்தினாள்.

"பாத்தியா? திங்கக்கிழமை வந்துடு," என்றான்.

அவள் சாவியை அவன் கையில் வைத்தாள். "பிள்ளைங்க இல்லாத வண்டிதானே டுவைட் நின்னுது."

பிறகு பள்ளிச் சமையலறையில் சேர்ந்தாள். காய் நறுக்கும் வேலை மட்டும் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.