எத்தனை மிச்சம்?

சிராங்கூன் சாலையைக் கடக்கும் இடத்தில், விளக்குக் கம்பத்தில் ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. மூத்தோர் சலுகை அட்டையை அதன்மேல் வைத்தால் 'பீப்' என்று ஒலிக்கும். அட்டைக்குள் பேட்டரி கிடையாது. ஒரு மின்சில்லும், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருளும் மட்டும்தான். பெட்டி அனுப்பும் அலையிலிருந்தே அட்டை தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, தான் யாருடையது என்று பதில் சொல்லும். அடுத்த முறை விளக்கில், கடக்கச் சொல்லும் பச்சை மனிதன் வரும்போது, சில வினாடிகள் கூடுதலாக நிற்பான்.

இதை என் பாட்டி சாமுண்டீஸ்வரிக்கு விளக்கியபோது, "அப்போ எனக்காக இத்தனை காரும் நிக்குதுன்னு சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து அது எங்கள் விளையாட்டாயிற்று. சாலையைக் கடந்து முடித்ததும் திரும்பி, விளக்குக்குப் பக்கத்தில் குறைந்துகொண்டே வரும் எண்ணைப் பார்ப்பார். "ரக்ஷு, எட்டு மிச்சம்!" ஞாயிறுகளில் நான் பூன் லேயில் என் வீட்டிலிருந்து வந்து கூடவே கோயிலுக்கு நடப்பேன். மற்ற நாள்களில் வாட்ஸ்அப்பில் அவர் குரல் வரும். எட்டு மிச்சம். ஏழு மிச்சம்.

கடைசி மூன்று மாதங்களில் அது ஐந்தாயிற்று, பிறகு இரண்டாயிற்று. அப்போது ஞாயிறுகளில் நான் நேரே கோயிலுக்கே போய்விடுவேன். ஒரு ஞாயிறு கோயில் வாசலில் சொன்னார்.

"பச்சை சீக்கிரம் போயிடுதுடி. நேரத்த குறைச்சுட்டாங்க போல."

"கார்ட பர்ஸோட வைக்காதீங்க பாட்டி. வெளிய எடுத்து வைங்க. பீப் கேக்கணும்."

"பீப் கேட்டுச்சு லா."

"கேட்ட மாதிரி இருந்திருக்கும்."

"ஆமாமா, எனக்குத்தான் காது போச்சு. உனக்கு எல்லாம் நல்லாத்தான் கேக்குது."

நான் சிரித்துவிட்டு, காத்திருக்கும் நேரம் போக்குவரத்தைப் பொறுத்து மாறும், கடக்கும் நேரம் சாலையின் அகலத்தைப் பொறுத்தது என்று விளக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டி இறந்து நாற்பது நாள் ஆகிறது. இதயம் பல மாதங்களாகவே தளர்ந்து வந்திருக்கிறது என்றார் மருத்துவர். "நடக்கும்போது மூச்சு வாங்குதுன்னு உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த 'இல்லை' அன்றிலிருந்து என்னை விடவில்லை. விளக்கின் நேரத்தை உண்மையிலேயே குறைத்திருந்தால், நான் எதையும் கேட்கத் தவறவில்லை. குறைக்கவில்லை என்றால், அவர் தினமும் சொல்லியிருக்கிறார்.

அதனால் இன்று காலை அவருடைய அட்டையோடு வந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் இதே இடத்தில் எடுத்த காணொளி என்னிடம் இருந்தது. பாட்டி அட்டையை வைக்கிறார், பச்சை வருகிறது, கை வீசி நடக்கிறார். பச்சை தோன்றியதிலிருந்து சிவப்பு வரை முப்பது வினாடி.

அட்டையை வைத்து அளந்தேன். முப்பது. கை தவறியிருக்கலாம் என்று இன்னொரு முறை. முப்பது. மூன்றாம் முறையும் முப்பதுதான்.

கடந்து வந்த பக்கத்தில் பூக்கடை சுதா அக்கா கூப்பிட்டார். "என்னம்மா ரக்ஷனா, போறதும் வர்றதுமா இருக்க? வழி மறந்துடுச்சா?"

"டைம் பாக்குறேன் அக்கா. நேரத்த குறைச்சுட்டாங்கன்னு பாட்டி சொன்னாங்க."

"என்கிட்டயும் சொல்வாங்க. சொல்லிட்டு இந்த ஸ்டூல்ல உக்காந்துருவாங்க. மூச்சு அடங்கவே பத்து நிமிஷம் ஆகும். அப்புறம்தான் போன எடுத்து உன்கிட்ட பேசுவாங்க."

பதிவுகளில் அவர் குரல் ஏன் அவ்வளவு தெளிவாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

"நீங்க ஏன் அக்கா எனக்குச் சொல்லல?"

"நான் சொல்லவான்னு கேட்டேன்மா. 'நானே தெனமும் சொல்லிக்கிட்டுதானே இருக்கேன்'னாங்க."

சுதா அக்கா ஒரு முழம் மல்லிகையை நறுக்கி என் கையில் வைத்தார். ஸ்டூலைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

வீட்டுக்குப் போக, மறுபடி சாலையைக் கடக்க வேண்டும். அட்டையை வைத்தேன். பீப். பச்சை வந்தது. கூட நின்றவர்கள் வேகமாக நடந்து போய்விட்டார்கள். நானும் மறுபக்கம் போய்த் திரும்பிப் பார்த்தேன். சாலையில் ஒருவரும் இல்லை. ஒரு பேருந்தும் இரண்டு டாக்சிகளும் யாருக்காகவோ நின்றுகொண்டிருந்தன. எண் பதினான்கு.

போனை எடுத்துப் பாட்டியின் பெயரைத் திறந்தேன். "பதினாலு மிச்சம், பாட்டி."

அனுப்பியதும் ஒரு குறி விழுந்தது. ஒரு குறி என்றால் செய்தி என் போனைவிட்டுக் கிளம்பிவிட்டது என்று பொருள். அவருடைய போனைச் சேர்ந்தால்தான் இரண்டாவது குறி விழும். அந்தப் போன் பூன் லேயில், என் மேசை இழுப்பறையில், அணைந்து கிடக்கிறது.