அமிர்தவல்லியின் புருஷன் இடம் மாறியது

1955ஆம் ஆண்டு ஆடி மாதத்திலிருந்து, முதலியார்பேட்டை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் யார் பழைய கதை சொன்னாலும், சொல்லி முடித்ததும் அந்த நினைவு சொன்னவரை விட்டுப் பிள்ளையிடம் போய்விட்டது. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு வந்த புதுப் பாடப்புத்தகத்தில் ஊரைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால், வாத்தியார் கன்னியப்பன்தான் அவர்களை வீடு வீடாகக் கேட்டுவர அனுப்பியிருந்தார். ஊர் முதலில் திடுக்கிட்டது, பிறகு பழகிக்கொண்டது. ராமலிங்கம் மதில் தகராறைச் சொல்லி முடித்துவிட்டு, பல வருஷமாகப் பேசாத பக்கத்து வீட்டுக்காரரிடம் மூக்குப்பொடி கேட்கப் போனார். அந்தக் கதையைக் கேட்ட பையன் அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் முறைத்தான். பழைய ஆலை வேலைநிறுத்தக் கதை ஒரு பிள்ளைக்குக் கனம் என்று, வாத்தியார் அதை நாலைந்து பேருக்குப் பங்கிட்டார்.

பஞ்சாலையில் வேலை பார்த்த அமிர்தவல்லி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் புருஷன் காத்தவராயன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாகச் சேர்ந்து, சைகோனுக்குக் கப்பலேறி, அங்கேயே காய்ச்சலில் இறந்தவன். படம் ஒன்றுகூட இல்லை. அவள் தலைக்குள் இருந்தவன்தான் மிச்சம். கதை கேட்க வந்து வாசலில் நின்ற அடுத்த தெரு சின்னப்பாப்பாவை, "போடி வாயாடி, எங்கிட்ட இருக்கிறது ஒருத்தன்தான். அவனையும் உனக்குத் தூக்கிக் குடுக்கணுமா?" என்று விரட்டினாள்.

ஆனால் அந்த ஐப்பசியில் தறிச் சத்தத்துக்கு நடுவே காத்தவராயனின் மீசை எப்படியிருந்தது என்று யோசித்தபோது, மீசை இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் குரலும் போய்விட்டது. ஓட்டைக் குடத்தில் வைத்திருந்து வற்றவிடுவதைவிடப் புதுக் குடத்தில் ஊற்றுவது மேல் என்று அமிர்தவல்லிக்குத் தோன்றியது. வகுப்பிலேயே வாய் ஓயாதவள் என்பதால் சின்னப்பாப்பாவையே கூப்பிட்டாள். பெண் பார்க்க வந்த நாள் முதல் கடற்பாலத்தில் கப்பலுக்குப் போகப் படகேறிய நாள் வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். கொஞ்சம் அழுதாள். பிறகு எதற்காக அழுகிறோம் என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போனாள். சிறுமியிடம் காத்தவராயன் மீசையோடும் குரலோடும் முழுசாகப் போய்ச் சேர்ந்திருந்தான்.

அதன்பிறகு ஆலை விட்டு அவள் வீடு திரும்பும் நேரத்துக்கு சின்னப்பாப்பா வந்து அந்தக் கதையை அவளுக்கே திருப்பிச் சொல்வாள். பிள்ளை சொன்னால் நினைவு பிள்ளையை விட்டுப் போகவில்லை. எத்தனை முறை கேட்டாலும் கதை அமிர்தவல்லியிடம் தங்கவில்லை. அதனால் அலுக்கவும் இல்லை. 1962இல் இந்தியாவோடு இணைப்பு சட்டப்படி நிறைவேறி ஊரெல்லாம் கொடியேற்றிய அன்றும், தாவணி போட்ட சின்னப்பாப்பா மிட்டாயோடு வந்து உட்கார்ந்தாள்.

"படகுல ஏறினவரு திரும்பிப் பாத்து, அத்தினி சனத்துக்கு முன்னாடி, 'அடுப்ப அணைச்சிட்டு வந்தியாடி'ன்னு கத்துனாரு பெரீம்மா."

அமிர்தவல்லி வயிறு குலுங்கச் சிரித்தாள். "நல்ல மனுசனாத்தான் தெரியுறான். கண்ணாலம் ஆனவனா?"

"ஆயிடுச்சி. உன்னோடதான்."

"அதான பாத்தேன்," என்று அமிர்தவல்லி முடியை ஒதுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டாள். "மறுபடி சொல்லுடி."

சின்னப்பாப்பா மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு, பெண் பார்க்க வந்த நாளிலிருந்து ஆரம்பித்தாள்.