மூலை மேசைக்காரன்

தெருவில் அவனை எல்லாரும் ஒயர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு மென்பொருள் அலுவலகத்தில் மாரடிக்கும் ஐந்து பேரைப் பற்றிய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் அவன் ஏற்ற வேடத்தின் பெயர் அது. கணினிகளுக்கு இணைப்புக் கொடுப்பவன். மூலை மேசையே கதி என்று கிடப்பவன். வாரத்துக்கு நாலு வரிக்கு மேல் வாய் திறக்காதவன்.

முதல் வருடத்தில் ஒரு காட்சி வந்தது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். செயலியைக் காட்ட வேண்டிய திரையோ இருண்டு கிடக்கிறது. டீம் லீடர் பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்கிறாள். செயலியைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் தன் மேல் பழி வரக்கூடாதே என்று ஜன்னல் பக்கம் நகர்கிறான். புதிதாகச் சேர்ந்த பெண் வாடிக்கையாளரின் நிறைந்த டம்ளரில் மறுபடியும் தண்ணீர் ஊற்றுகிறாள். முதலாளி மழையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். அப்போது மேசைக்கு அடியிலிருந்து ஒயரின் தலை மட்டும் எட்டிப் பார்த்து, "இப்ப வருதா?" என்று கேட்கிறது. அவ்வளவுதான். பார்வையாளர்களை எதிரில் உட்காரவைத்துத்தான் அந்தத் தொடரைப் படம்பிடிப்பார்கள். அன்று சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வசனத்தை யாராலும் பேச முடியவில்லை.

அந்த இரண்டு சொல் காட்டுத்தீயாகப் பரவியது. இரண்டாம் வருடம் சானல் அதிகாரி தொடருக்கே 'ஒயர்' என்று பெயர் வைத்துவிட்டார். அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால் வைத்ததுதான் சட்டம்.

"ஜனங்க உங்களத்தான் பாக்கறாங்க. இனிமே கதை உங்களச் சுத்திதான். மத்தவங்க கூட நிக்கட்டும், போதும்" என்றார்.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு முன்பு ஆறு வருடம் ஒரு கம்பெனியில் போன் எடுத்து, "ஒருதடவ ஆப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவன். நடிக்க வேண்டும் என்று அந்த வேலையை விட்டபோது வீட்டில் அவனோடு ஒரு மாதம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது சுவரொட்டியில் அவன் முகம் மட்டும் வாசலளவு பெரிதாக இருந்தது. மற்ற நால்வரும் அவன் தோளுக்குப் பின்னால் விரல்நீளத்துக்குத் தெரிந்தார்கள்.

அவனுக்குத் தனி அறை கொடுத்தார்கள். கண்ணாடி, சாய்வு நாற்காலி, கதவில் அவன் பெயர். முன்பெல்லாம் ஐந்து பேருக்கும் ஒரே அறைதான். ஒரே ஒரு மின்விசிறி. அதன் அடியில் உட்கார தினமும் சண்டை. லீடராக நடித்த அக்கா அடுத்தவர் ரொட்டியைத் தின்றுவிட்டுத் தின்னவே இல்லை என்று சாதிப்பாள். டெஸ்டராக நடித்தவன் குறட்டை விட்டுக்கொண்டே வசனம் மனப்பாடம் செய்வதாகச் சொல்வான். இப்போது பக்கத்து அறையிலிருந்து அந்தச் சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. இவன் எழுந்து போய்க் கதவைத் திறந்தால் அடங்கிவிடும். "வாங்க சார்" என்று அக்கா நாற்காலியை நகர்த்திப் போடுவாள். 'டேய்' போய் 'சார்' வந்தது அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

இரண்டாம் வருடத்தின் முதல் பகுதியைப் படம்பிடித்த அன்று அவன் மேடைக்கு வந்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவனுக்குப் பக்கம் பக்கமாக வசனம். லீடரைக் கிண்டல் செய்தான், டெஸ்டரை மட்டம் தட்டினான், முதலாளிக்கே புத்தி சொன்னான். ஆரம்பத்தில் சிரித்தார்கள். போகப் போகச் சிரிப்பு நீர் கலந்த பால் மாதிரி ஆனது. இரண்டாம் பகுதியில் அவன் முக்கியமான வரியைச் சொன்னபோது எங்கோ ஒருவர் செருமியது கேட்டது.

அதன்பின் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான். தேநீர் போட்டுவிட்டுக் குடிக்க மறந்தான். விடுமுறை நாளில் தங்கையைப் பிடித்து உட்காரவைத்து இரண்டாம் பகுதியைப் போட்டான். அவள் நிஜமாகவே மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அவன் படத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முழுப் பகுதியிலும் அவள் சிரித்தது இரண்டே இடத்தில். இரண்டிலும் அவன் பேசிக்கொண்டிருக்கவில்லை.

"நான் பேசும்போது நீ ஒருதடவகூட சிரிக்கல."

"சிரிச்சேனே."

"பொய் சொல்லாத. அந்தக்கா கொட்டாவிய முழுங்கினப்பதான் சிரிச்ச."

அவள் தலையணையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதண்ணா. எங்க ஆபீஸ்ல ஜோக் அடிக்கறேன்னு ஒருத்தர் வருவார். அவரப் பாத்தாலே எல்லாரும் ஹெட்போன மாட்டிக்குவோம். சிரிப்பு எப்ப வரும் தெரியுமா? மீட்டிங்ல மேனேஜர் 'இது சின்ன வேலதான், சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம்'னு சொல்வார். அப்ப யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. ஒருத்தி பேனாவ மூடுவா. ஒருத்தன் மேல ஃபேனப் பாப்பான். இன்னொருத்தன் சத்தம் வராம அழுவான். ஆளுக்கு ஒரு தினுசு! அதப் பாத்து ஒருத்தரையொருத்தர் பாத்துக்குவோம் பாரு, அங்கதான் அடக்க முடியாது. போன வருஷம் உங்க நாடகத்துல அது இருந்தது. அஞ்சு பேரும் ஒரே குழில விழுந்து அஞ்சு விதமா முழிச்சீங்க. இப்ப நீ மட்டும் மேல நின்னுக்கிட்டு எங்களுக்கு விளக்கம் சொல்ற மாதிரி இருக்கு."

அவனுக்குச் சுருக்கென்றது. "உனக்குப் பொறாம" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். காலணிக் கடை வரை நடந்தான், திரும்பினான், மறுபடி நடந்தான். வழியில் இரண்டு பேர் அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். படத்துக்குச் சிரிக்கும்போதே தங்கை சொன்னது காதுக்குள் குடைந்தது.

மறுநாள் இயக்குநரிடம் போனான். அவர் கறாரான பெண்மணி. எந்நேரமும் இரண்டு பேனாவைக் கொண்டையில் செருகியிருப்பார்.

"மேடம், என் வசனத்தக் கொறைங்க. மத்தவங்களுக்குக் குடுங்க."

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சானல்ல சொல்லிப் பாத்துட்டேன். 'தலைப்பே அவர் பேரு, அவரு பேசாம யாரு பேசறது'ன்னு கேக்கறாங்க. ரொம்பப் பேசினா தொடரையே மூடிருவாங்க. போ, எழுதினதப் பேசு."

அடுத்து அக்காவைப் பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனான். அவள் மட்டும்தான் இருந்தாள். பவுடர் போட்டுக்கொண்டிருந்தவள் கண்ணாடி வழியாகவே அவனைப் பார்த்தாள்.

"என்மேல கோவமாக்கா?"

"கோவமெல்லாம் இல்ல சார். நீங்க ஒரு பக்கம் பேசறவரைக்கும் எனக்கு அங்க வேல இல்ல. வேலையில்லாதவ மொகம் எப்படி இருக்கும்? அந்த மொகத்தத்தான் ஜனங்க பாக்கறாங்க."

மூன்றாம் பகுதியின் படப்பிடிப்பு வந்தது. சானல் அதிகாரி முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். காட்சி இதுதான்: 'உங்கள் கணக்கு மூடப்பட்டது, நன்றி' என்ற செய்தி தவறுதலாக எல்லா வாடிக்கையாளர்களுக்கும் போய்விட்டது. மேசைமேல் போன் அடிக்கும். ஒயர் நடுவில் வந்து அதை எடுத்து, எதிர்முனையைச் சமாதானப்படுத்தி, பிறகு அங்கே நிற்கும் மூவரையும் வரிசையாகக் கிழிக்க வேண்டும். ஒன்றரைப் பக்க வசனம். அவனுக்குத் தலைகீழாகத் தெரியும்.

போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தான். அவனையே பார்த்து நிற்கும் மூன்று முகங்களையும் பார்த்தான். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றார்கள். வாய்வரை வந்த வசனத்தை விழுங்கிவிட்டுப் போனை லீடர் பக்கம் நீட்டினான்.

"உங்களுக்குத்தான். ரொம்பக் கோவமா இருக்காங்க."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கணம் அவன் கண்ணை உற்றுப் பார்த்தாள். பிறகு முதுகை நிமிர்த்தி, குரலில் சர்க்கரையைக் கொட்டிப் போனை வாங்கினாள். "வணக்கம்... ஆமாங்க, மூடிட்டோம்... இல்லீங்க, உங்கள மட்டும் இல்ல. நாங்க பாரபட்சமே பாக்கறதில்ல." அரங்கத்தின் ஒரு மூலையில் சிரிப்புக் கிளம்பியது. "ஒரு நிமிஷம், இதச் சோதிச்சுப் பாத்தவரே இங்க இருக்கார்" என்று போனை டெஸ்டர் கையில் திணித்தாள். டெஸ்டர் அதைச் சூடான பாத்திரம் மாதிரி பிடித்துக்கொண்டு, "நான் இன்னைக்கு லீவு" என்று சொல்லிவிட்டுப் புதுப் பெண்ணிடம் கொடுத்தான். அவள் கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எனக்கும் அதே மெசேஜ்தான் வந்திருக்கு. உங்களுக்காவது நன்றி சொன்னாங்களா?" என்று மூக்கை உறிஞ்சினாள். அரங்கம் அதிர்ந்தது. அந்நேரம் உள்ளே வந்த முதலாளி, "போன்ல யாரு?" என்று கேட்க, மூன்று பேரும் ஒயர் இருந்த இடத்தைக் கை காட்டினார்கள். அவன் அங்கே இல்லை. எப்போதோ தன் மேசைக்குப் போய், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஒரு கேபிள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

பார்வையாளர் ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டார்.

அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, "எழுதினது என்னாச்சு?" என்றார். "எழுதினபடியும் ஒண்ணு எடுத்துக்கலாம்" என்று இயக்குநர் நடுவில் புகுந்தார். எடுத்தார்கள். ஒயர் ஒரு சொல் விடாமல் பேசினான். ஜனங்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் அவன் முள்மேல் நடந்தான். தன்னைத் தூக்கிவிடுவார்கள் என்றே நினைத்தான். பழைய போன் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்றுகூட விசாரித்தான். தங்கையிடம் மன்னிப்புக் கேட்கப் போய், சண்டை போட்டுவிட்டு வந்தான். கடைசியில் அதிகாரியிடமிருந்து வந்தது ஒரே வரி: "முதல்ல எடுத்தது கொஞ்சம் கலகலன்னு இருக்கு, அதையே போடுங்க." தாம் நினைத்தது தவறு என்று அவர் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிற ஆளும் இல்லை. அச்சடித்த சுவரொட்டி அப்படியே இருந்தது. ஆனால் அடுத்து வந்த கதைகளில் வசனம் ஐந்து பேருக்கும் பிரிந்தது. அவனுடைய தனி அறையில் துணிமணிகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். அவன் தன் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனான்.

"டேய், அந்த நாற்காலில உக்காராத, கால் ஆடுது" என்றாள் அக்கா.

நாலாம் பகுதியில் அதிகமாகச் சிரிக்க வைத்தது புதுப் பெண்தான். இடைவேளையில் பார்வையாளர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் தன் போனை ஒயரின் கையில் கொடுத்து, "கொஞ்சம் எங்கள எடுத்துக் குடுங்களேன்" என்றார். எடுத்துக் கொடுத்தான். தலை வெட்டுப்பட்டிருக்கிறது என்று இன்னொரு தடவையும் எடுக்கச் சொன்னார்கள். மேடைக்குத் திரும்பியபோது அவன் முகம் அவன் வசத்தில் இல்லை.

"வயிறு எரியுதா?" என்று அக்கா காதோரம் கேட்டாள்.

"லேசா."

"நல்லா எரியட்டும். அடுத்த சீன்ல அவளுக்குப் பதவி உயர்வு. அத அப்படியே மூஞ்சில வச்சுக்க, மாத்திராத."

விளக்குகள் எரிந்தன. அவன் மூலைக்குப் போய் உட்கார்ந்தான்.