பதினான்கு பாகம்

காலையில் வெட்டத் தொடங்கிய ஆற்றுவாய் நடுப்பகலுக்குள் திறந்துவிடும் என்று யாரும் நினைக்கவில்லை.

1938 மார்கழியில் நான்கு நாட்கள் விடாத மழை. மட்டக்களப்பு வாவி நிரம்பி, பழுகாமத்து வயல் வட்டைகளில் நெற்பயிர் நுனி மட்டும் தெரிய நின்றது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்குப் போய்விடும். அதைத்தான் ஆற்றுவாய் வெட்டுவது என்பார்கள். மண்வெட்டியோடு புறப்பட்ட பழுகாமத்து ஆட்களைக் கோணாமலையின் பாய்த்தோணி கொண்டுவந்து இறக்கியது. திட்டிலிருந்து ஐம்பது பாகம் தள்ளி, வாவிப் பக்கத்தில் தோணி நின்றது. இரண்டு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம். அங்கே ஆழம் இரண்டு பாகம்.

ஊர் அதைக் கோணாமலையின் தோணி என்று சொன்னாலும், அது அவன் மனைவி ஆச்சிப்பிள்ளையின் சீதனம். தங்கைமாருக்கு வீட்டு வளவு, மூத்தவளுக்குத் தோணி. அது போனால் அவளுக்கென்று வேறொன்றும் இல்லை. அதனால்தான் புருஷன் வேண்டாமென்றும் கேளாமல், போன மாதம் ஓர் இரும்பு நங்கூரம் வாங்கியிருந்தாள். வாங்கச் சொன்னவன் உசனார். காத்தான்குடி நெசவாளி ஒருவரின் மகன். தறியை விட்டுவிட்டுக் கதிரவெளிக்கும் திருகோணமலைக்கும் கடல் தோணிகளில் ஓடியவன். இப்போது இவர்களோடு பாய் பிடிக்கிறான்.

"ஆடு கட்டுற முளை மாதிரி இரிக்கு. இது தோணியப் பிடிக்குமாம்!" என்று காலையிலும் கோணாமலை சிரித்தான். மரச்சட்டத்தில் வரிந்து கட்டிய தன் பழைய கல்லையே இறக்கினான்.

"உங்கட அம்மிக்கல்ல வச்சு அரைக்கத்தான் ஏலும் மச்சான்" என்றான் உசனார்.

"ரெண்டு பேரும் வாயாலதான் தோணியப் பிடிக்கிறீங்க" என்றாள் ஆச்சிப்பிள்ளை. வெட்டுகிறவர்களுக்கான சோறு தோணியிலேயே வெந்துகொண்டிருந்தது.

அடுப்பிலிருந்து நிமிர்ந்தபோதுதான் அவள் அதைக் கண்டாள். கரையில் நின்ற தில்லை மரம் மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"இஞ்சேருங்க, தோணி போகுது!"

திட்டில் ஆட்கள் கத்தினார்கள். ஒரு முழ அகலத்துக்கு வெட்டிய வாய்க்காலில் நீர் புகுந்திருந்தது. மணலில் ஓடும் நீர் தன் வழியைத் தானே அகலமாக்கும். அகலமாக அகலமாக இன்னும் கூடுதல் நீர் வரும். இரு பக்கச் சுவர்களும் பாளம் பாளமாகச் சரிந்து விழுந்தன. அந்த வாய்க்கு அப்பால் கடல் அலை எழுந்து வெள்ளையாக உடைந்தது. அந்த இடத்தில் அகப்பட்டால் தோணி பலகை பலகையாகத்தான் கரைக்கு வரும்.

கோணாமலை கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். கயிறு விறுவிறுவென்று நடுங்கியது. கீழே கல் இழுபடுகிறது. கல்லுக்குப் பாரம் ஒன்றுதான் பலம். அந்தப் பாரத்திலும் மூன்றிலொரு பங்குக்கு மேல் நீருக்குள் குறைந்துவிடும். அசையாத வாவிக்கு அது போதும். ஓடும் நீருக்குப் போதாது.

அவனும் உசனாரும் கல்லை இழுத்துத் தோணியில் போட்டார்கள். ஆற்றுவாய்க்கு முப்பது பாகமே இருந்தது. கோணாமலை இரும்பை எடுத்து வீசினான். நான்கு பாகம் கயிறு விட்டு, முன்முனையான அணியத்தின் கட்டையில் இறுக்கிக் கட்டினான்.

தோணி சடாரென்று நின்றது. பிறகு ஒரு குலுக்கல். மறுபடியும் நகர்ந்தது.

"கிட்ட இழு, உசனார்! கிட்ட இழுத்தாத்தான் வாய்க்குத் தூரமா நிக்கலாம்!" கோணாமலை கயிற்றைத் தன் பக்கமாக இழுத்தான். இழுக்க இழுக்கத் தோணி இன்னும் வேகமாகப் போயிற்று.

வாவியில் தொழில் செய்கிற எவனும் அதைத்தான் செய்திருப்பான். வலைக்கம்புகளுக்கு நடுவே தோணி சுற்றித் திரியாதபடி கயிற்றைக் குறுக்கிக் கட்டுவதுதான் அங்கே பழக்கம். ஆனால் இரும்பு நங்கூரம் பாரத்தால் பிடிப்பதில்லை. அதன் குறுக்குத்தடி அடியில் படுத்துக்கொள்ளும். அப்போது வளைந்த இரண்டு கைகளில் ஒன்று மண்ணை நோக்கித் திரும்பும். கயிறு தரையோடு தரையாக இழுத்தால் அந்தக் கை கலப்பைக் கொழுவைப்போல மண்ணுக்குள் இறங்கும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். குறுகிய கயிறு எப்போதும் மேல்நோக்கித்தான் இழுக்கும்.

"விடுங்க மச்சான், கயித்த விடுங்க!" என்று உசனார் கத்தினான். "ரெண்டு பாக ஆழத்துக்குப் பதினாலு பாகம் வேணும். விட்டாத்தான் பிடிக்கும்!"

"விசரா உனக்கு? இருவது பாகம்தான் இரிக்கு! பதினாலு விட்டா வாய்க்குள்ளதான் போய் நிப்பம்!"

"ஆறு மிஞ்சும்."

"பிடிக்காட்டி?"

இருவரும் ஆச்சிப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

அவள் ஆற்றுவாயைப் பார்த்தாள். பிறகு புருஷனின் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். அது அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"காக்கா, பதினாலுக்குக் கயிறு காணுமா?" என்றாள் உசனாரிடம். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"இதில ஆறு பாகம். கல்லுக் கயித்தில எட்டு."

கல்லில் கட்டியிருந்த முடிச்சு நனைந்து ஊறி இறுகியிருந்தது. அவள் மரக்கறி வெட்டிய கத்தியால் கயிற்றைக் கல்லோடு ஒட்ட அறுத்து உசனாரிடம் எறிந்தாள். அவன் இரண்டு முனைகளையும் சேர்த்தான். தறியில் அறுந்த இழையை முடிகிற அதே முடிச்சு: ஒன்றை மடித்து, மற்றதை அதற்குள் நுழைத்து, சுற்றி, தன்னடியிலேயே செருக வேண்டும். இழுபட இழுபட அது தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும்.

"விடுங்க" என்றாள் புருஷனிடம்.

"புள்ள..."

"என்ர தோணி. விடுங்க."

கோணாமலை கட்டியதை அவிழ்த்தான். கயிற்றைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி, வழுக்கி ஓடவிட்டான். தோணி வெள்ளையான நீரை நோக்கிப் பின்புறமாகப் போனது. ஐந்து. ஆறு. முடிச்சு கட்டையைத் தாண்டியபோது ஒருகணம் சிக்கி, பிறகு வழுக்கியது. பத்து. இரைச்சலில் உசனார் எண்ணியது கேட்கவில்லை, விரல்களைக் காட்டினான். பன்னிரண்டு. சோற்றுப்பானை கவிழ்ந்து உருண்டது.

பதினான்கு. கயிற்றின் நுனியைக் கோணாமலை கட்டையில் மூன்று சுற்றுப் போட்டு முடிந்தான்.

தும்புக்கயிறு நீண்டது. நீரைப் பிழிந்து துளிகளாகத் தெறித்தது. தோணி இன்னும் ஒரு கை நீளம் போனது. அணியம் தாழ்ந்து நீரை மொண்டது. பிறகு நிமிர்ந்து, வெள்ளத்துக்கு நேராகத் திரும்பி, நின்றது.

கோணாமலை கயிற்றில் உள்ளங்கையை வைத்தான். அது கம்பி மாதிரி விறைத்திருந்தது. நடுக்கம் இல்லை.

"யா அல்லா" என்று உசனார் பலகையில் அப்படியே உட்கார்ந்தான்.

பின்னால் ஆறு பாகத்தில் மணற்சுவர் ஒன்று முழுதாகச் சரிந்தது. திட்டிலிருந்து நாலைந்து பேர் கல்லுக் கட்டிய கயிறொன்றை எறிந்தார்கள். மூன்றாவது எறியில் அது தோணிக்குள் விழுந்தது.

"இடுப்பில கட்டிக்கொண்டு குதிங்க! ஆள் தப்பினாக் காணும்!" என்று கரையிலிருந்து ஒருவர் கத்தினார்.

"புள்ள, நீ முதல் போ" என்றான் கோணாமலை.

ஆச்சிப்பிள்ளை கயிற்றை எடுத்துத் தோணியின் பின்கட்டையில் கட்டினாள்.

"கரைப் பக்கமா இழுக்கச் சொல்லுங்க. நங்கூரத்த அவிழ்க்கப்படாது."

உசனாருக்கு உடனே விளங்கியது. முளையில் கட்டிய மாடு கயிறு விட்ட அளவுக்கு வட்டத்தில் மேய்வதுபோல, பதினான்கு பாகத்தில் தொங்கும் தோணியும் வட்டத்தில்தான் நகரும். பக்கமாக இழுத்தால் ஓட்டத்திலிருந்து விலகி, நீர் மந்தமான கரையோரத்துக்கு வரும். அவன் கைகாட்டினான். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். ஒரு முழம், நிறுத்தம், இன்னொரு முழம். ஒருமுறை கயிறு கைவழுக்கி, வந்த தூரமெல்லாம் போய், மீண்டும் தொடங்கினார்கள்.

வெயில் மேற்கே சாய்ந்தபோது தோணியின் அடி மணலில் உரசியது. ஆச்சிப்பிள்ளை இடுப்பளவு நீரில் இறங்கினாள். தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கோணாமலை அருகில் வந்து நின்றான். "கயித்த அறுத்து விடட்டா? நங்கூரம் இனி வராது, நல்லா இறங்கிட்டு."

"அது கிடக்கட்டும்" என்றாள். "நாளைக்குத் தண்ணி வத்தட்டும், நீங்களே போய்த் தோண்டி எடுங்க."