திரைக்குப் பின்னால் ஒரு ட்ரம்பெட்

என் கணவர் ஜஸ்டின் ட்ரம்பெட் வாசிப்பவர். கல்யாண மண்டபம், சர்ச், பள்ளிக்கூட பேண்டு என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். நகரத்தில் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் ஒரே ஓர் இடம் காலியானது. நாற்பதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அவருக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. இதுவும் போனால் ஆயுசு முழுக்க மண்டபம்தான் என்று சொல்லிச் சொல்லி என் நிம்மதியையும் கெடுத்தார்.

தேர்வுக்கு முழு இசையும் வாசிக்க வேண்டாம். ட்ரம்பெட் வாசிப்பவரைப் படுத்தி எடுக்கிற துண்டுகளாகப் பொறுக்கிக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று மெதுவாக ஏறி, சட்டென்று உச்சிக்குத் தாவி, அங்கே சன்னமாக நிற்க வேண்டும். தாவுகிற இடத்தில் ஜஸ்டினுக்கு ஒவ்வொரு தடவையும் சுரம் உடையும். அதையே நாள் முழுக்க ஊதினால் யார் பொறுத்துக்கொள்வார்கள்? ஏரிப்பக்கம் வாடகை குறைவென்று திருநின்றவூரில் இந்த மாடி வீட்டுக்கு வந்த மறுநாளே கீழ்வீட்டுக் கஜபதி படியேறி வந்துவிட்டார். ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்.

"இன்னா சார், காலங்காத்தால ஊதிகினு கீறீங்க? தெருவுல போறவன்லாம் எந்த ஊட்ல சாவுன்னு என்னாண்ட வந்து கேக்குறான்."

அவர் மேல் தப்பில்லை. இந்தப் பக்கம் காலையில் ட்ரம்பெட் கேட்டால் யாருக்கும் அதுதான் தோன்றும். அன்றே ஜஸ்டின் ம்யூட் போட்டார். ட்ரம்பெட்டின் அகன்ற வாயில் செருகுகிற அடைப்பு அது. போட்டுவிட்டால் அடுத்த அறையில்கூட கொசு பாடுவது போலத்தான் கேட்கும். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஒரு வாரம் கழித்து மோட்டார் போடக் கீழே போனேன். கஜபதி சிரித்தார்.

"சார் இப்போ சூப்பரா வாசிக்கிறாரும்மா. அந்த மேல ஏர்ற எடம் தடுக்கவே இல்ல."

"ம்யூட் போட்டிருக்காருங்க. உங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

அவர் விரலை மேலே காட்டினார். "தோ, கேளு."

கேட்டது. எங்கள் அறையிலிருந்து, அடைப்பே இல்லாத மாதிரி, கணீரென்று. முதலில் யாரோ நிதானமாக மூச்சை இழுக்கும் சத்தம். பிறகு ஏறி, தாவி, உச்சியில் பிசிறில்லாமல் நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. படியேறினேன். ஏற ஏறச் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. எங்கள் கதவைத் திறந்தபோது கொசு பாட்டுதான். ஜஸ்டின் ம்யூட்டோடு உட்கார்ந்திருந்தார். தாவும் இடத்தில் வழக்கம்போல உடைந்தது.

விஷயத்தைச் சொன்னேன். பயப்படுவார் என்று நினைத்தேன்.

"அந்த இடத்துல எப்படி எடுக்குது கார்த்திகா? முன்னாடியே மூச்சு வாங்கிக்குதா?" என்றார்.

எனக்கு அந்தக் கேள்விதான் கூடுதல் பயமாக இருந்தது. உடனே கீழே ஓடிப்போய் நின்று கேட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. அவர் மேலே ஊதினால்தான் கீழே அது கேட்கும். முகம் தெரியாத அதன் மேல் பொறாமையில் அவர் அன்று சாப்பிடவே இல்லை.

தேர்வுக்கு நானும் கூடப் போனேன். யாருக்கும் முகத்தைப் பார்த்துச் சலுகை காட்டக் கூடாதென்று, வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே நிதானமாக ஒரு மூச்சு இழுபட்டது. அது யாருடைய மூச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு ஏறி, தாவி, உச்சியில் பிசிறில்லாமல் நின்றது.

வெளியே வந்தவர் முகம் வெளுத்திருந்தது. உள்ளே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஊதவே இல்ல. வாய்கிட்ட கொண்டு போறேன், அதுக்குள்ள ஆரம்பிச்சிடுச்சு. இன்னைக்குத்தான் நானும் அதைக் கேட்டேன்."

"உள்ள போய் சொல்லிடுங்க."

"அப்ப யாரு ஊதினதுன்னு கேட்டா?"

மறுநாள் வேலை உறுதியென்று தகவல் வந்தது. கஜபதி வீட்டுக்கு ஸ்வீட் கொடுத்தேன். சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

அதற்குப் பிறகு ஜஸ்டின் ம்யூட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு ஊதுகிறார். இன்று கஜபதி மறுபடி படியேறி வந்தார்.

"இன்னா சார், பழையபடி அதே எடத்துல தடுக்குது? நல்லா வாசிச்சிகினு இருந்தவரு எங்க போய்ட்டாரு?"

ஜஸ்டின் ம்யூட்டைத் தேடி எடுத்துச் செருகினார். கஜபதியைக் கீழே போய்க் கேட்கச் சொல்லிவிட்டு ஊதினார். நான் ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தேன். கஜபதி தலையை நிமிர்த்தி ரொம்ப நேரம் காத்திருந்தார். பிறகு ஒன்றுமில்லை என்று கையை விரித்தார்.

திங்கட்கிழமைதான் முதல் ஒத்திகை. அந்த மேடையில் திரை கிடையாது.