தப்பான பொத்தான்

பெரிதாக்கிச் சட்டம் போட நல்ல போட்டோ தேடி, தங்கை அப்பாவின் பழைய லேப்டாப்பைத் திறந்தாள். கூடத்தில் அப்பா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். திரையில் ஏதோ கேள்வி பாதியில் நின்றிருந்தது. அவள் கைக்கு வந்த பொத்தானை அமுக்க, லேப்டாப்பிலிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

"பரவாயில்ல. அவசரமே இல்ல, நிதானமா பாருங்க."

நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்த அவன் அப்படியே நின்றுவிட்டான்.

ராணுவ வீரர்களுக்கு வயர்லெஸ் கருவியைப் பழுதுபார்க்கச் சொல்லித்தர அவன் உருவாக்கிய கணினிப் பாடம் அது. தூக்கம் கெட்டுக் களைத்தவனைத் திட்டினால் இன்னும் அதிகமாகத் தவறு செய்வான் என்பது அவனுடைய ஆராய்ச்சி. அதனால் தவறு செய்கிறவனிடம் கனிவாகப் பேசத் தன் குரலையே பதிவு செய்திருந்தான். சோதனைப் பிரதியை இந்த லேப்டாப்பில் போட்டுவிட்டு அழிக்க மறந்துபோனான்.

"என்ன பொறுமை பாரு தம்பிக்கு," என்றார் பெரியப்பா. "அப்படியே அவங்கப்பன் குணம்."

அவனுக்கு முகம் எரிந்தது. நேற்றுக் காலை அப்பா கைபேசியை நீட்டி, போட்டோ அனுப்புவது எப்படி என்று கேட்டார். "எத்தனை தடவதான் சொல்றது? மண்டையில எதுவுமே ஏறாதா?" கத்திவிட்டு வேலைக்குப் போனான். மத்தியானம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம்.

"இத வச்சு அப்பா என்னம்மா பண்ணாரு?" தங்கை கேட்டாள்.

"சாப்பிட்டு முடிச்சா இதுக்கு முன்னாடிதான் உக்காருவாரு," என்றாள் அம்மா. "பதில் எல்லாம் அவருக்கு அத்துப்படி. வேணும்னே தப்பா அமுக்குவாரு."

"வேணும்னேவா? ஏன்?"

அம்மா மகன் பக்கம் திரும்பவில்லை.

"சரியா அமுக்கினா மணி மட்டுந்தான் அடிக்கும். தப்பா அமுக்கினாத்தான் இவன் பேசுவான்."

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலுக்குப் போனார். தங்கையும் அண்ணனை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது. எல்லோர் முன்னாலும் தன் குரல் இன்னொரு தடவை கேட்டுவிடக் கூடாது.

தங்கை போட்டோ தேட வேண்டும்; பாடத்தை மூடிவிடக் குனிந்தான். சரியான பதிலை அமுக்கினால்தான் அதை விட்டு வெளியே வர முடியும். அப்படி அமைத்ததும் அவன்தான்.

அமுக்கினான்.

மணி அடித்தது. வெகுநாளாகக் கேட்காத அந்தச் சத்தத்துக்கு அம்மா திரும்பி, அப்பாவைப் பார்த்தாள்.